அழத் தெரிந்த பிள்ளை

என் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தங்கைக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த நாட்களிலும் அவள் கண் ஈரமாகவில்லை என்று சொல்வார்கள். 'கூத்தாடிக்கு ஏது கண்ணீர்' என்பது எங்கள் தெருவில் அவளுக்கென்றே வைத்திருந்த பேச்சு. எதிரில் சொல்ல மாட்டார்கள். அவள் குடத்தோடு கடந்து போன பிறகு முதுகுக்குச் சொல்வார்கள். அம்மாவுக்கும் அது கேட்கும்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் இருக்கிறது. ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அது சோற்றுக்குப் போதாது. அதனால் அம்மா அடுத்தவர் கழனிக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். அவளுக்கும் அப்பாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான்தான்.

நான் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது ஒருநாள் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, அந்தகாரம்னா இன்னாடா?"

எனக்கும் தெரியவில்லை. மறுநாள் வாத்தியாரைக் கேட்டு வந்து, இருட்டு என்று சொன்னேன்.

"இருட்டா. நானு ஏதோ ராட்சசன் பேருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அத்தப் பாட்டுல பாடிக் கீறேன்டா, இத்தினூண்டா இருக்கச் சொல்ல."

இப்படித்தான், ஒவ்வொரு சொல்லாக, அம்மா சினிமாவில் நடித்தவள் என்பது எனக்குத் தெரிய வந்தது. வசனங்களை அவளுக்கு ஒருவர் வாயால் சொல்லித்தருவாராம். அர்த்தம் சொல்ல மாட்டார். 'அன்னையே, அடியேனை ஆசீர்வதித்து அனுப்புங்கள்' என்று அம்மா பழைய குரலில் சொல்லிக் காட்டும்போது, சாணி மிதித்த காலோடு வேறு யாரோ நம் வீட்டுக்குள் நிற்பது போலிருக்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கொண்டுவருவேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "ஓ, அதுக்குத்தான் அப்டி அடிச்சானா" என்பாள். அர்த்தம் தெரியாமல், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துக்கொண்டே சொல்லி அடி வாங்கிய சொற்கள் அவளிடம் நிறைய இருந்தன.

அவள் பிறந்தது ராஜகுளத்துப் பக்கம். அவளுடைய அப்பா நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அவளைப் பெற்றவள் காஞ்சிபுரத்தில் கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனிக்குச் சமையலுக்குப் போனாள். கூடவே ஓடிய பிள்ளைக்குக் குரல் கணீரென்று இருக்கவே, கம்பெனி முதலாளி மேடையில் ஏற்றிவிட்டார். அது படம் பேச ஆரம்பித்த காலம். பாடவும் உரக்கப் பேசவும் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கம்பெனியை மொத்தமாகவே ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார்கள். அம்மாவுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை.

அவள் பெண் வேஷம் போட்டதே இல்லை. ராஜா வீட்டுப் பிள்ளை, ரிஷியின் பிள்ளை, அப்புறம் சாமிக் குழந்தை. எல்லாமே ஆண் வேஷம்தான். அதற்காக முடியைக் கழுத்தோடு கத்தரித்து வைத்திருந்தார்கள். முகத்தில் வெள்ளை மாவை எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள், வேர்த்தால் எரியும். மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக் கத்த வேண்டும், ஆனால் கண் எதிரே இருக்கிற ஆளைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு காக்கா கத்தினால் எல்லாம் முதலிலிருந்து. காக்கா விரட்டுவதற்கென்றே உண்டிவில்லோடு ஒருவன் சம்பளத்துக்கு இருந்தானாம். விளக்கு வெளிச்சத்தில் நின்று நின்று சாயங்காலம் கண் வீங்கிவிடும். வெள்ளரிக்காயை அரிந்து இமைமேல் வைத்துப் படுக்கப் போடுவார்கள். வளர்ந்துவிடக் கூடாது என்று ராத்திரிச் சோறு கிடையாது.

"ரயில்ல போனா ஜனங்க கால்ல வுழுவாங்கடா. சாமி சாமின்னு கெயவிங்கல்லாம் காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திப்பாங்க. அப்பால எறங்கிப் போயி வசனம் மறந்துட்டேன்னு அதே கால்ல பெரம்பால வாங்குவேன்."

ஒரு படம் பாதி எடுத்திருந்தபோது அம்மாவுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. பிழைக்காது என்றார்கள். பெற்றவள் ஊர் அம்மனுக்கு முடி தருவதாக வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கியதும், பிள்ளை தேறட்டும் என்று கம்பெனி விட்ட லீவில், ஊருக்கு அழைத்துப் போய் மொட்டை போட்டுவிட்டாள். சாமி காரியம், யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். திரும்பி வந்தபோது முதலாளி பெற்றவள் கன்னத்தில் அறைந்தார், எல்லார் எதிரிலும். பாதிப் படத்தில் முடியோடு வரும் ராஜகுமாரன் மீதிப் படத்தில் மொட்டையாக வர முடியாது. டோப்பா வைத்துப் பார்த்தார்கள், விளக்கில் தனியாகத் தெரிந்தது. முடி வளரும்வரை படம் நின்றது. பெற்றவளுக்கு அது கடைசிவரை புரியவில்லையாம். "சாமிக்குக் குடுத்ததுக்கா அடிச்சாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

பிறகு பெற்றவள் செத்துப்போனாள். அதற்கப்புறம் அம்மாவுக்குப் படம் இல்லை. யாரோ ஒரு மாமன் கூட்டிவந்து சிலகாலம் வைத்திருந்து, என் அப்பாவுக்குக் கட்டிவைத்தான். அப்பா வாலிபத்தில் டென்ட் கொட்டகையில் அம்மா சாமிக் குழந்தையாக வந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். நல்ல மனநிலையில் இருந்தால் சொல்லிச் சிரிப்பார்: "சாமியத்தான் கட்டிக்கினு வந்தேன். வந்து சாணி தட்டிக்கினு கீது."

இவ்வளவும் எனக்குத் தெரியும். பெற்றவள் எப்படிச் செத்தாள் என்பதை மட்டும் அம்மா சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில், படம் எடுப்பவர்கள் ஸ்டூடியோவை விட்டுக் கிராமங்களுக்கு வர ஆரம்பித்தார்கள். பழையசீவரத்தில் பாலாற்று மணலில் சில நாள் எடுத்த ஒரு கம்பெனி, பிறகு எங்கள் ஏரிக்கரைக்கு வேனும் லாரியுமாக வந்து இறங்கியது. நான் காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன், லீவில் ஊரில் இருந்தேன். கும்பலில் நின்றிருந்த என் தங்கையைக் கம்பெனி மேனேஜர் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும். இடுப்பு வரை முடி. தன் தலையில் இல்லாமல் போன முடியையெல்லாம் அம்மா அவள் தலையில் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா அங்கேயே சரி என்றார். வீட்டுக்கு வந்துதான் அம்மாவுக்குச் சொன்னார்.

"நம்ம ஏரிலதான எடுக்குறாங்கோ. நீயே கூட நின்னுக்க. உன் ரத்தம் எங்க போவும்."

அம்மா கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். "வெயில்ல நிக்க வெச்சா தண்ணி குடுக்கச் சொல்லு" என்றாள். அதுதான் சம்மதம்.

முதல் நாள் தங்கை மதகின் மேல் ஓடினாள், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அம்மா ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு முறை திரும்பிப் பார்க்கும்போதும் கையை அசைத்தாள். சில்வர் தாள் ஒட்டிய பலகைகளால் வெயிலைத் திருப்பி அவள் முகத்தில் அடித்தபோது மட்டும், அம்மா தன் கண்களை இடுக்கிக்கொண்டாள்.

மறுநாள் அழுகைக் காட்சி. கதையில் அந்தப் பெண்ணின் அண்ணன் ஏரியில் மூழ்கிவிடுகிறான். பிணத்தைக் கரையில் போட்டிருக்கிறார்கள், தங்கை வந்து பார்த்து அழ வேண்டும். பிணமாகப் படுத்திருந்த பையன் மூக்கில் ஈ உட்கார்ந்ததும் தும்மினான். தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கண்ணில் மருந்து விட்டார்கள், தண்ணீர் வந்தது, ஆனால் உதடு சிரித்தது. டைரக்டர் நாற்காலியை உதைத்துத் தள்ளினார். அப்புறம் அசிஸ்டன்ட்டைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

அந்த அசிஸ்டன்ட் நேராக எங்களிடம்தான் வந்தான்.

"அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போய் இருங்க. கொழந்த உங்களப் பாத்துப் பாத்துச் சிரிக்குது."

அம்மா எழுந்திருக்கவில்லை. அவனையே பார்த்தாள். "எங்க போவணும்?"

"கரைக்கு அந்தாண்ட. தலை தெரியாத மாதிரி."

"ஏன்?"

"ஒரு ஷாட்டுதாம்மா. வாங்க."

அப்பா, "போயேன், இன்னா இப்போ" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கரையின் மறுபக்கம் இறங்கினாள். எங்களுக்குத் தண்ணீர் தெரிந்தது, தங்கை தெரியவில்லை. கரைமேல் சத்தமெல்லாம் அடங்கியது. பிறகு தங்கையின் குரல் வந்தது.

அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். கதைப்படி அண்ணனைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அம்மா கரையில் ஏறி ஓடினாள். மேலே இரண்டு பேர் அவளை மறித்தார்கள். "ஷாட் முடியட்டும்மா, முடியட்டும், கெடுத்துடாதீங்க" என்று கிசுகிசுத்தார்கள். தங்கை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புங்க மரத்தடியைப் பார்த்து, காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்து, அலறிக்கொண்டிருந்தாள். கேமரா அவள் முகத்துக்கு எதிரில் ஓடிக்கொண்டிருந்தது.

'கட்' என்றதும் எல்லாரும் கை தட்டினார்கள். ஊர்க்காரர்களும் தட்டினார்கள். அம்மா போய்ப் பிள்ளையை வாரி எடுத்தாள். "இன்னாடி சொன்னான்? உன் காதுல இன்னா சொன்னான்?"

"நீ செத்துட்டன்னு சொன்னான்ம்மா. மரத்தாண்ட பாத்தேன். நீ இல்ல."

அசிஸ்டன்ட் சிரித்துக்கொண்டே வந்து தங்கை கையில் ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்தான்.

அன்று சாயங்காலம் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிறவி நடிகை என்றார். மீதிக் காட்சிகள் மெட்ராஸில் உள்ளே செட் போட்டு எடுப்பதாகவும், ஒரு வாரத்தில் பெண்ணை அழைத்துப் போவதாகவும், அடுத்த படத்துக்கும் அவளையே சொல்லிவிடப்போவதாகவும் சொன்னார். பார்த்துக்கொள்ள அவர் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள், தாய் கூட வரத் தேவையில்லையாம். தாய் கூட இருந்தால் பிள்ளை நடிப்பில் கவனம் வைக்காது என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். நின்றுகொண்டே கேட்டாள்.

"இவள வெச்சி எடுத்தது போட்டுக்குவீங்களா, இல்ல திரும்ப எடுப்பீங்களா?"

"சேச்சே, பிரமாதமா வந்திருக்கு. அதே மாதிரி மெட்ராஸ்ல தொடர வேண்டியதுதான். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க பெரியம்மா. முடியில கை வெக்காதீங்க. எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். மாறிடுச்சுன்னா ஒட்டாது."

"சரிங்க" என்றாள் அம்மா.

அவர் போன பிறகு அப்பா தயங்கிக் கேட்டார். "இன்னா, உனுக்கு இஷ்டந்தானே? ஊர்ல உன்னக் கூத்தாடின்னாங்கோ. அந்த வாயெல்லாம் இப்போ நம்ம வூட்டு வாசல்ல வந்து நிக்கும் பாரு."

அம்மா தங்கை தலையை மடியில் போட்டு, சிக்கெடுத்து, வழக்கத்தைவிட அதிக நேரம் சீவினாள்.

காலையில் அப்பா ஏர் ஓட்டப் போனதும், அம்மா தங்கையை அழைத்துக்கொண்டு ஊர்க்கோடி அம்மன் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது தங்கை தலையில் சந்தனம் பூசியிருந்தது. முகம் சிறுத்து, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தது. அவள் வாய் திறக்காமல் விசும்பிக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டு அப்பா சேற்றுக்காலோடு ஓடி வந்தார்.

"இன்னாடி பண்ணித் தொலச்ச?"

"அம்மை போட்டப்போ வேண்டிக்கினேன். தள்ளிக்கினே வந்துச்சு. தூர தேசம் போற பொண்ணு, ஆத்தா கடன வெச்சிக்கினா போவும்?"

அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. தங்கை தலையில் பூசியிருந்த சந்தனத்தைப் பார்த்தார். கையை இறக்கிவிட்டு வெளியே போனார். சாமிக்குக் கொடுத்ததற்காகப் பெண்டாட்டியை அடிக்கிற ஆண்பிள்ளை எங்கள் ஊரில் இல்லை.

மேனேஜர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பெரியம்மா, ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"நானு பொறுப்பேங்க. ஆத்தா பொறுக்காது."

சினிமாக்காரர்கள் நம்மைவிட சாமிக்குப் பயந்தவர்கள். எலுமிச்சம்பழம் நசுக்காமல் வேனையே எடுக்க மாட்டார்கள். அவர் தங்கை தலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தங்கைக்கு அம்மை போட்டதே இல்லை. அம்மை போட்டது எனக்கு. அப்பா அதை மறந்திருந்தார், எனக்கு மட்டும் தெரிந்தது. சாயங்காலம் அம்மா வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். அவள் அரிவாளை நிறுத்தாமல் சொன்னாள்.

"என்னையும் அப்டித்தான்டா அழ வெப்பாங்க. அப்போ கண்ணுக்கு மருந்தெல்லாம் இல்ல. எங்கம்மாவ சமயக்கட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்பால வந்து காதுல சொல்லுவாங்க. மொத தபா நம்பிட்டேன். ரெண்டாந் தபாவும் நம்பிட்டேன். எப்டி நம்பாம இருக்கறது, தேடினா ஆளக் காணமே. அப்பால தெரிஞ்சு போச்சு. சொன்னா அழணும், அவ்ளோதான். அழுவேன். நல்லா அழுவேன். அழத் தெரிஞ்ச பிள்ளைன்னு பேரே வாங்கிட்டேன்."

அறுத்த புல்லை அடுக்கினாள்.

"அப்பால காலரா வந்துச்சு. நானு செட்டுல நின்னுக்கினு இருந்தேன். தரையில சாக்பீஸால கோடு போட்டிருப்பாங்க, அதும் மேல. மேனேஜர் வந்து குனிஞ்சி, உங்கம்மா செத்துட்டாம்மான்னாரு. நானு கோட்டு மேலயே நின்னேன். கேமரா ஓட்ற சத்தம் வரட்டும்னு பாத்துக்கினு இருந்தேன். வரல. அவரு போலாம் வான்னு கையப் புடிக்கிறாரு, நானு லைட்டப் பாக்கறேன். கூட்டிக்கினு போயி காட்டினாங்க. மொகத்துல மாவு பூசிப் படுக்க வெச்சிருக்காங்கன்னே நெனச்சேன். எல்லாரும் அழு அழுன்றாங்க. எப்போ கட் சொல்லுவாங்கன்னு நின்னேன்டா."

புல்லைக் கட்டிக்கொண்டே, "அழுவ அப்பாலயும் வரல" என்றாள். "அடக்கி வெச்சிக் கீறேன்னு ஊரு நெனக்கிது. அடக்கல. வரல. உன் தங்கச்சிக்கு அது வேணாம்."

எங்கள் வீட்டுக்கு அதோடு முடிந்தது. ஆனால் கம்பெனிக்கு ஒரு பெண் பிள்ளை வேண்டியிருந்தது. தங்கையை வைத்து எடுத்ததை மறுபடி எடுப்பது என்று முடிவு செய்து, ஏரிக்கரை ஓரத்துக் குடிசைகளில் இருந்த ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். என் தங்கை வயதுதான். அவளுடைய தாய் என் அம்மாவோடு நடவுக்கு வருகிறவள், அம்மாவை வாய் நிறைய அக்கா என்பவள். வரிசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்பார்கள்.

அம்மா அவளிடம் கழனியிலேயே பேசினாள். நான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன்.

"பொண்ண அனுப்பாத. அழ வெப்பாங்க."

"அயத்தானேக்கா கூப்புட்றாங்கோ. வூட்ல சும்மா அயுதுக்கினுதான கீது."

"பொய் சொல்லி அழ வெப்பாங்க. நீ செத்துட்டன்னு சொல்லுவாங்க."

அவள் இடுப்பை நிமிர்த்திச் சிரித்தாள். "சொல்லட்டுமே. சொன்னா ஆயுசு கூடும்."

வரிசையில் இருந்த இன்னொருத்தி குனிந்தபடியே சொன்னாள்: "தன் பொண்ணு மொட்ட, அடுத்தவ பொண்ணு போனா வயிறு எரியாதா."

அம்மா நாற்றுக்கட்டைக் கீழே வைத்தாள். "நானு வேணுன்னேதான் மொட்ட போட்டேன். வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்பொண்ணு போவக் கூடாதுன்னு போட்டேன்."

வரிசை முழுக்கக் கை நின்றுவிட்டது. அந்தத் தாயின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கோபம் இல்லை, பயம்தான்.

"அக்கா, ஆத்தாவுக்குக் குடுத்தத இப்டிச் சொல்லாத. நாக்கு அவிஞ்சிடும். எம்பொண்ணத் தடுக்கறதுக்கு ஆத்தா மேல பயி போட்றியே." பிறகு மெதுவாக, "நீ படத்துல நடிச்ச. உம்பொண்ணும் ரெண்டு நாளு நடிச்சிது. எங்க சனத்துல ஒருத்தி போனா ஆவாதாக்கா?" என்றாள்.

அம்மா நாற்றுக்கட்டை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவள் சொன்ன பொய்யை ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. ஏரிக்கரையில் மறுபடி எடுத்து முடித்ததும் அந்தப் பெண் புதுப் பாவாடையோடு வேனில் ஏறிப் போவதை அம்மா களத்தில் நின்று பார்த்தாள். அடுத்த ஆடியில் அதே கோயிலில் அம்மா தன் தலையை மழித்துக்கொண்டாள். கம்பெனியை விட்ட பிறகு அவள் தலையில் கத்தி பட்டது அதுதான் முதல் தடவை. எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, "கடன்" என்றாள். பொய்யாகச் சொன்னதற்கா, போன பிள்ளைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

படம் மறுவருஷம் உத்திரமேரூர் டூரிங் கொட்டகைக்கு வந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனது. எங்கள் ஏரிக்கரையும் புங்க மரமும் திரையில் தெரிந்தபோது விசில் பறந்தது. அழுகைக் காட்சியில் பெண்கள் பக்கம் முழுக்க முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். அந்தத் தாய் மணலில் முட்டிபோட்டு எழுந்து, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், "எம்பொண்ணு எப்டி அயுவுது பாருங்கோ" என்று எல்லாரையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அம்மா திரையைப் பார்க்கவில்லை. அந்தத் தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் திரும்பும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "அந்தப் பொண்ணு அழுவுதே, அது மொத தபா எடுத்தது இல்ல. நம்பி அழல, கத்துக்கினு அழுவுது."

அந்தப் பெண் இன்னும் சில படங்களில் தலை காட்டினாள். எல்லாமே அநாதைப் பிள்ளை, தாயில்லாப் பிள்ளை. அப்புறம் வளர்ந்துவிட்டாள். ஒருநாள் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். பேச்சு குறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று நான் போய்க் கூப்பிட்டேன். நான் அப்போது பக்கத்து ஊரில் வாத்தியாராகியிருந்தேன். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம் என்று வரவில்லை. தாயோடு நடவுக்குப் போக ஆரம்பித்தாள். வரிசையில் அவள் தாய்க்கும் என் அம்மாவுக்கும் நடுவில் நின்றாள்.

போன கார்த்திகையில், நாற்றங்கால் ஓரம் அந்தத் தாயைப் பாம்பு தீண்டிவிட்டது. மகள் அன்று தூரத்துக் கழனியில் என் அம்மாவோடு இருந்தாள். நாங்கள் சிலர் கட்டை வண்டியில் போட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். பாதி வழியிலேயே போய்விட்டாள். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு, நான் சைக்கிளில் கழனிக்கு வந்தேன். வரப்பில் நின்று அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட நினைத்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் ஓடி வந்த ஒருத்தி அங்கிருந்தே கத்திவிட்டாள்.

"ஏ பொண்ணே, உங்கம்மா பூட்டாடி."

நடவு நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்தாள். கையில் நாற்று இருந்தது. சேற்றில் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. தலையை மெதுவாகத் திருப்பி வரப்பைப் பார்த்தாள், பிறகு மறுபக்கத்து வரப்பை. பிறகு சூரியன் இருக்கிற திசையை. அவள் எதைத் தேடுகிறாள் என்பது எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரியும்.

அம்மா சேற்றில் நடந்து போய் அவள் கையிலிருந்த நாற்றை வாங்கிக் கீழே போட்டாள்.

"நெசம்டி" என்றாள். "இங்க யாரும் எடுக்கல. நெசம்."

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அவ்வளவுதான். பிணத்தைக் கிடத்தியிருந்த இடத்தில் அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒப்பாரி வைத்தவர்கள் அவளைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். எடுத்துக்கொண்டு போன பிறகு ஒருத்தி சொன்னாள்: "படத்துல அப்டி அயுதாளே. பெத்தவளுக்கு ஒரு சொட்டு இல்ல பாரு." இன்னொருத்தி, "கூத்தாடிக்கு ஏதுடி" என்றாள். எதிரில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பி வரும்போது இருவரும் ஏரிக்கரை மேல் நடந்தோம். புங்க மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அம்மா நின்றாள். அந்தக் காலத்தில் சொல்லுக்கு அர்த்தம் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"நீ படிச்சவனாச்சே. எனக்குத்தான் வரல. அவளுக்காவது ஒருநாள் வருமாடா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வந்து சொல்ல இதற்கு வாத்தியாரும் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு முன்னால் நடந்தாள்.